நெருப்புத் தடை நாளில் புத்தாண்டு

உள்ளே எட்டு மணி நேரம் கோழித் தொடையிலிருந்து எலும்பு பிரித்து மரத்துப்போன விரல்களுக்கு, தொழிற்சாலையின் பின்வாசலைத் திறந்ததும் அடித்த அனலான வடக்குக் காற்று முதலில் இதமாகத்தான் இருந்தது. பத்தடி நடப்பதற்குள் இதம் போய் எரிச்சல் வந்துவிட்டது. லாஸே கையுறைகளைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். கோதுமைச் சேமிப்புக் கோபுரங்களுக்குப் பின்னால் வானம் நீலமாக இல்லை. செம்மண் கரைத்த தண்ணீர் போல இருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் ஏலா கைபேசியை நீட்டியபடி ஓடி வந்தாள். அவளும் இவளும் ஒரே வரிசையில் கத்தி பிடிப்பவர்கள். தாய்லாந்து எல்லை அகதி முகாமிலும் அடுத்தடுத்த குடிசைக்காரிகள்.

"ஏய் லாஸே, இதப் பாரு. நாளைக்கு முழு நெருப்புத் தடையாம். நாப்பத்திநாலு டிகிரி, வடக்குக் காத்துன்னு போட்டிருக்கான்."

"நாளைக்கா? நல்லாப் பாருடி, ஞாயித்துக்கிழமையா இருக்கப் போவுது."

"சனிக்கிழமைதான். நம்ம புத்தாண்டு அன்னிக்கேதான்."

"அப்ப நம்ம அடுப்பு?"

"அடுப்பு பத்தி நீ பேசுற. நாளைக்கு வெளியில நின்னு சிகரெட் பத்த வெச்சாலே பிடிச்சுட்டுப் போவான்."

அகதிகளாக மின்டூலா என்ற இந்த வெள்ளைக்காரர் ஊருக்கு வந்த ஒன்பது வருஷத்தில் தங்கள் கரென் இனத்துப் புத்தாண்டை அவர்கள் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில்தான் கொண்டாடி வந்தார்கள். அறுபது குடும்பம், தங்களுக்குள்ளேயே பாடி, தங்களுக்குள்ளேயே தின்று, கொட்டகையைக் கழுவிவிட்டு வந்துவிடுவார்கள். இந்த வருஷம்தான் ஊராட்சியிலிருந்து ஆள் வந்து, ஊர் மண்டபத்திலேயே வையுங்கள், ஊர் பூராவும் வரட்டும், வரவேற்பு விழாவாக நடத்துவோம் என்று சொன்னார்கள். இரண்டு மொழியில் சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். அதில் லாஸேயின் மகள் ஸேபா, நெய்த சிவப்புச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தபால் நிலையத்தில் ஒட்டியதை மட்டும் யாரோ பாதியோடு கிழித்துவிட்டிருந்தார்கள். காற்றில் கிழிந்திருக்கும் என்று ஸேபா சொன்னாள். தபால் நிலையத்தில் சுவரொட்டி ஒட்டியிருந்தது உள்பக்கச் சுவரில்.

முன்னூறு பேருக்குச் சாப்பாடு. சமையல் பொறுப்பு லாஸே. வருவார்களா, வந்தால் சாப்பிடுவார்களா, புளிக்கவைத்த மீன் விழுது வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களா என்று ஒரு மாதமாக அவளுக்குத் தூக்கம் சரியில்லை. இப்போது அடுப்பும் போயிற்று.

மண்டபத்துக்குப் போனபோது, பின்புறக் காலி இடத்தில் அவள் புருஷன் மூலேர் மண்வெட்டியோடு நின்றிருந்தான். மூன்று அடுப்புக் குழி நேர்த்தியாக வெட்டி, பக்கத்தில் விறகை அடுக்கி, கடாரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தான். அவனுக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நோலீன் நின்றாள்.

நோலீன் மண்டபக் குழுவின் செயலாளர். அறுபத்தேழு வயது. எந்நேரமும் சாவிக்கொத்து இடுப்பில் தொங்கும். வயலின் அந்தக் கோடியில் நிற்கும் நாயைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவளிடம் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதற்குள் மணமக்கள் கல்யாணமே வேண்டாம் என்று போய்விடுவார்கள் என ஊரில் கேலி பேசுவார்கள்.

"அந்தக் குழிய மூடுங்க," என்றாள் நோலீன்.

"சரி," என்றான் மூலேர். உடனே மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.

"என்ன சரி?" லாஸே கரென் மொழியில் சீறினாள். "முன்னூறு பேருக்கு எதுல ஆக்குறது? உன் தலையிலயா?"

"ஸேபா அம்மா, நாலு பக்கமும் புல்லு எலும்பாட்டம் காஞ்சு கிடக்கு. காத்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் அடிக்கும். ஒரு பொறி போதும், அந்தக் கோடி வரைக்கும் போயிடும்."

லாஸே அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். காற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு இவனுக்கு எங்கிருந்து வந்தது? கேட்க நேரமில்லை.

"வாயு அடுப்பு வெளியில வெச்சுக்கலாமா?" என்று நோலீனிடம் கேட்டாள்.

"நெருப்புன்னு எதுவுமே வெளியில கூடாது. உள்ள ரெண்டு மின்சார அடுப்பு இருக்கு. ஒண்ணு நல்லா வேலை செய்யும். இன்னொண்ணு மனசு வெச்சா வேலை செய்யும்."

"குழம்பு வேணா அதுல வெச்சிடலாம். சோறு?"

"சோறு இல்லாம பண்ண முடியாதா? ரொட்டி..."

"நோலீன்," என்றாள் லாஸே. கோபத்தில் இங்கிலீஷ் அவளுக்கு இன்னும் சரியாக வரும். "சோறு இல்லைன்னா எங்க ஆளுங்களுக்கு அது விழா இல்ல. வெறும் கூட்டம்."

நோலீன் கொஞ்ச நேரம் கடாரங்களையே பார்த்தாள். தாடையைச் சொறிந்தாள்.

"எங்க ஒவ்வொரு வீட்டுலயும் ரைஸ் குக்கர் இருக்கு," என்றாள் லாஸே மெதுவாக. "பெரிசு. அறுபது வீடு."

"அறுபது குக்கரையும் இங்க சொருகினா ஊருக்கே கரண்டு போயிடும். இந்த ஹாலுக்கு வயர் இழுத்தது என் கல்யாண வருஷம்." சொல்லிவிட்டு நோலீன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். "இரு. என் கூட்டாளிங்க பதினாலு பேரு இருக்காங்க. ஆளுக்கு மூணு குக்கர் வெச்சுக்கிட்டா போதுமா? பாக்கி தேவாலயத்துல, நூலகத்துல. வண்டியில ஏறு. சும்மா நிக்காத."

அன்று சாயங்காலம் ஏழு மணி வரை அவர்கள் இரண்டு பேரும் நோலீனின் வேனில் குக்கர்களோடு வீடு வீடாகப் போனார்கள். ஒன்பது வருஷத்தில் லாஸே அந்த வீடுகளின் வேலியை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இப்போது சமையலறை வரைக்கும் போய், அரிசி அளந்து கொட்டி, காலையில் களைந்து போடச் சொல்லி, மூடி வைத்துவிட்டு வந்தாள். தண்ணீர் எவ்வளவு என்று எல்லோரும் அளவுக் கோப்பையை நீட்டினார்கள். அவள் விரலை நீட்டினாள்.

"அரிசி மேல விரல் நுனிய வைங்க. முதல் கணு வரைக்கும் தண்ணி."

"யார் விரலுக்கு?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற ரயில்காரர் ஒருவர். அவர் விரல் முருங்கைக்காய் நீளம் இருந்தது. "என் விரலுக்குக் கஞ்சியில்ல ஆயிடும்?"

நோலீன் அங்கேயே சுவரில் சாய்ந்து சிரித்தாள். அவள் சிரித்து லாஸே பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே அடுப்படி சூடேறிவிட்டது. மூங்கில் குருத்தும் அரிசிக் குருணையும் போட்ட தாளப்பாக் கஞ்சி ஒரு அடுப்பில். புளிச்சக்கீரையும் இறாலும் மனசு வைத்து எரிந்த இன்னொரு அடுப்பில். ஏலா மிளகாய் இடித்துக்கொண்டே எல்லோரையும் வைதுகொண்டிருந்தாள். வெளியே காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டியது. ஜன்னல் கண்ணாடியில் மணல் வந்து வந்து விழுந்தது. பத்து மணிக்குக் குக்கர்கள் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை போல ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். லாஸே கதவு இடுக்கு வழியாகத் தலைகளை எண்ணினாள். பொன் தலை, நரைத் தலை, வழுக்கைத் தலை, முப்பது இருக்கும். நாற்பது. பரவாயில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஊராட்சிக்காரர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, எல்லோரையும் வரவேற்கிறோம் என்று ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியம் முடியவில்லை. தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது.

அதே நேரத்தில் அடுப்படிக்குள்ளேயும் ஏதோ கீச்சிட்டது. லாஸே குக்கர் என்று நினைத்துத் திரும்பினாள். தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்த மூலேரின் இடுப்பில், நெய்த சட்டைக்கு அடியில் சிவப்பாக ஒன்று மின்னியது.

"என்னது அது?"

மூலேர் குடத்தைத் தரையில் வைத்தான்.

"என்னதுன்னு கேக்குறேன்."

"பேஜர்."

"யாரோடது?"

"என்னோடதுதான். நான் தீயணைப்புப் படையில சேந்திருக்கேன். தொண்டரா." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "ஆறு மாசம் ஆச்சு. பயிற்சி முடிஞ்சுது. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஆறு மாசம்," என்றாள் லாஸே. "செவ்வாய்க்கிழமை இங்கிலீஷ் வகுப்பு?"

"அதுதான் அது."

ஏலா உலக்கையை நிறுத்திவிட்டாள். "அதான பார்த்தேன். ஆறு மாசம் வகுப்புக்குப் போயும் வாசல்ல வெள்ளைக்காரன் வந்தா பொண்டாட்டி பின்னால போய் நிக்கிறானேன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"நீ போகக் கூடாது," என்றாள் லாஸே.

"ஆள் பத்தாது. விடுமுறைன்னு பாதிப்பேர் கடற்கரைக்குப் போயிட்டான். எங்க தலைவர் ராஸ் காத்துக்கிட்டிருப்பார்."

"எவன் நிலமோ எரியுது. நமக்கு இங்க என்ன நிலமா இருக்கு? வீடே வாடகை. எதக் காப்பாத்தப் போற நீ?"

"ஸேபா அம்மா..."

"நெருப்பப் பாத்தா நாம ஓடணும். அதுதான் நமக்குத் தெரியும். நீ நெருப்பப் பாத்து ஓடுறியா?"

"ஓடி ஓடித்தான் இங்க வந்தோம். இனிமே ஓட எனக்குக் காலு இல்ல." அவன் கதவருகே போய்விட்டான். அங்கே நின்று, "ராத்திரிச் சோறு எடுத்து வை," என்றான். பிறகு போய்விட்டான். நெய்த சிவப்புச் சட்டையோடு அவன் வெயிலில் ஓடியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது. முழங்காலில் எப்போதும் வலி. அந்த ஓட்டத்தில் நொண்டல் தெரிந்தது.

கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நோலீன் உள்ளே வந்து, அதைப் பிடுங்கி, அடிப்பிடிக்கப் போன தாளப்பாவைக் கிளறினாள்.

"என் ஆளும் அதே தீயணைப்பு லாரிதான்," என்றாள். "என் புருஷன் ராஸ்தான் தலைவர். உன் ஆளு அவருக்குப் பக்கத்து சீட்டு."

"உங்களுக்குத் தெரியுமா? அவர் சேந்தது?"

"ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும்னுதான் நினைச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "நல்லாச் செய்யிறாராம். சொன்னத ஒருதடவை கேட்டா போதுமாம். எங்காளு யாரையும் லேசுல பாராட்ட மாட்டார்," என்றாள்.

அது லாஸேவுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது.

வடக்கே பதினெட்டு கிலோமீட்டரில், அறுவடை முடிந்த கோதுமைத் தாளில் நெருப்பு பற்றியிருந்தது. ஒரு மணிக்கு மண்டபத்திலிருந்தே புகை தெரிந்தது. முதலில் ஒரு கயிறு போல. பிறகு சுவர் போல. விழா நடப்பதா நிற்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஊராட்சிக்காரர் கைபேசியும் காதுமாக வாசலில் அலைந்தார். இரண்டு மணிக்கு வடக்குப் பண்ணைக்காரர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது? ஊரில் பெரிய கூரை இந்த மண்டபம்தான்.

அவர்கள் வந்தார்கள். ஒரு கிழவர் கூண்டில் கிளியோடு வந்தார். ஒரு பெண் கைக்குழந்தையையும் தையல் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு சிறுமிகள் ஈரத் தலையோடு, குளிக்கும்போதே இழுத்து வந்தது போல நின்றார்கள். நாய்கள் மட்டும் பதினொன்று. கழுவிய சட்டை, நெய்த பாவாடை, வெள்ளி வளையல் என்று பண்டிகைக் கோலத்தில் நிற்கும் கரென் கூட்டத்துக்கு நடுவில் அவர்கள் புகை நாற்றத்தோடு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக ஒண்டினார்கள்.

லாஸே கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். பையை இறக்கி வைக்காமல் நிற்கும் நிற்பு.

"ஏலா," என்றாள். "தட்டு எடு. பேச்செல்லாம் பிறகு. சோறு போடு."

"வெள்ளைக்காரங்களுக்கு மீன் விழுதும் வைக்கவா?"

"எல்லாம் வை. வேணாம்னா ஒதுக்கட்டும்."

யாரும் ஒதுக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறுகள். கிளிக்காரர் மீன் விழுதை வெண்ணெய் என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்து, கண் கலங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி தட்டை நீட்டினார். "அது என்னமோ தெரியல, ஆனா உயிர் இருக்கு அதுல," என்றார்.

இரண்டரைக்கு மின்சாரம் போயிற்று. மின்விசிறிகள் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றன. ஒலிபெருக்கி செத்தது. மண்டபத்துக்குள் முன்னூறு பேர் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு குழந்தை வீறிட்டு அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழுதது.

ஸேபா அடுப்படிக்கு வந்தாள். பதினேழு வயது. ஆட்டக் கூட்டத்தின் முன்வரிசைத் தலைவி. நெற்றிப் பட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அம்மா, ஆடவா வேண்டாமா? எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"அப்பா அங்க நெருப்புல நிக்கிறார். நீ ஆடப் போறியா?"

"அப்ப வேண்டாமா?"

"எனக்குத் தெரியல ஸேபா. என்கிட்ட கேக்காத."

பாத்திரத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்த நோலீன் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள். "ஆடும்மா. இங்க எல்லாரும் ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா அஞ்சு மணிக்குள்ள பைத்தியம் பிடிச்சிடும்."

ஸேபா அம்மாவைப் பார்த்தாள். லாஸே தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது. பெண் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

தவளை உருவம் வைத்த வெண்கல முரசுக்கும் எருமைக் கொம்புக்கும் மின்சாரம் தேவையில்லை. கொம்பு ஊதியதும் நாய்கள் பதினொன்றும் சேர்ந்து ஊளையிட்டன. அழுதுகொண்டிருந்த குழந்தைகள் வாய் பிளந்து நிறுத்தின. பிறகு முரசு. பிறகு நாற்பது கால்கள் ஒன்றாகப் பலகைத் தரையில் விழும் சத்தம். லாஸே பார்க்கவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடியே கேட்டாள்.

"எனக்குப் பன்னண்டு வயசு," என்றாள் திடீரென்று. நோலீனிடம்தான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த தட்டைப் பார்த்துச் சொன்னாள். "ராணுவம் வந்து நெல்லுக் குதிருக்கு நெருப்பு வெச்சுது. நாங்க எல்லாம் காட்டுக்குள்ள ஓடிட்டோம். எருமைய அவுத்து விடலையேன்னு அப்பா திரும்பிப் போனார். அம்மா காலைப் பிடிச்சா. விட்டுட்டுப் போனார். எருமை வந்துது."

நோலீன் கையைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். துடைத்தாள். இன்னொரு துணியை எடுத்து லாஸேயிடம் கொடுத்தாள்.

"நாப்பது வருஷம்," என்றாள். "ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒரு நாள் வரும். ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது ஒரு பாத்திரத்தத் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். என் வீட்டுப் பாத்திரமெல்லாம் பாதி தேஞ்சு போச்சு. துடை."

லாஸே துடைத்தாள். கழுவியதையே மறுபடி கழுவி, துடைத்ததையே மறுபடி துடைத்தார்கள்.

நாலேகாலுக்குக் காற்று மாறியது. உள்பக்கமாக உப்பியிருந்த ஜன்னல் திரை சட்டென்று தொய்ந்து, மறுபக்கம் உப்பியது. குளிர்ந்த காற்று. மண்டபத்தில் பாதிப்பேர் அப்பாடா என்றார்கள். பண்ணைக்காரர்கள் ஒருவரும் சொல்லவில்லை. நோலீனின் முகம் வெளிறியது.

"குளிர்ச்சியாத்தானே இருக்கு?" என்றாள் லாஸே.

"தென்மேற்கு. இத்தனை நேரம் நெருப்பு நீளமா ஓடிக்கிட்டிருந்துது. இப்பக் காத்து பக்கவாட்டுல அடிக்குது. அந்த நீளம் முழுசும் இப்ப முன்னால திரும்பும்." நோலீன் சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "லாரிங்க பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருக்கும்."

ஊராட்சிக்காரரிடம் தீயணைப்பு லாரிகளின் பேச்சு கேட்கும் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு பேரும் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். முதல் லாரி பேசியது. மூன்றாவது பேசியது. ராஸும் மூலேரும் போன இரண்டாவது லாரியைக் கூப்பிட்டார்கள். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். இரைச்சல். ஊராட்சிக்காரர் சத்தத்தைக் குறைக்கப் போனார். நோலீன் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் லாஸே புருஷனை வாயால் வையவில்லை, மனசுக்குள் வைதாள். மூடன். பொய்யன். ஆறு மாசம் பக்கத்தில் படுத்துக்கொண்டு பொய் சொன்னவன். சட்டையில் புகை நாற்றம் வந்தபோதெல்லாம் வகுப்பில் யாரோ சிகரெட் பிடிக்கிறான் என்றவன். வா, வந்து சேர், உன்னை என்ன செய்கிறேன் பார். வா. வந்தால் போதும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். இல்லை, கேட்பேன். வா.

எப்போது நோலீனின் கையைப் பிடித்தாள் என்று தெரியவில்லை. சாவிக்கொத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குத்தியது.

"இரண்டு," என்றது பெட்டி. கரகரத்த கிழக்குரல். "இரண்டாவது லாரி. நாலு பேரும் நல்லா இருக்கோம். கூட ஒரு குடும்பம் இருக்கு. ஏற்கெனவே எரிஞ்சு கருகின நிலத்துல நிக்கிறோம்."

நோலீன் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. தரையில்தான் உட்கார்ந்தாள்.

அவர்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். வெயில் இன்னும் கோபுரங்களின் உச்சியில் இருந்தது. லாரி மண்டபத்து வாசலில் நின்றதும் உள்ளிருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மூலேர் இறங்கினான். மஞ்சள் மேலங்கி கறுத்திருந்தது. புருவம் இல்லை. லாஸே அவன் முன்னால் போய் நின்றாள். தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சந்தையில் பூசணிக்காய் பார்ப்பது போல.

"எல்லாம் இருக்கு," என்றான். "புருவம் மட்டும்தான் போச்சு."

"இரு, வீட்டுக்கு வா. பேசிக்கிறேன்," என்றாள்.

அவன் அதைக் கேட்கவில்லை. அவன் கண் அவளைத் தாண்டி வேறெங்கோ இருந்தது. லாரியின் மறுபக்கத்தில் ராஸ் நோலீனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நோலீன் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள்.

"என்ன ஆச்சு?"

"அவங்க வீடு போயிடுச்சு," என்றான் மூலேர் தணிந்த குரலில். "காத்து திரும்பினதும் ரெண்டு பாதை. ஒண்ணு அவர் வீட்டுக்கு. இன்னொண்ணுல ஒரு கார் பள்ளத்துல இறங்கி நிக்குதுன்னு தகவல் வந்துது. உள்ள புள்ளைங்க. அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனோம். வேலியில நெருப்பு பிடிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. நான் அவரப் பாத்தேன். அந்தாளு திரும்பிக்கூடப் பாக்கல ஸேபா அம்மா. கியரை மாத்தினார். அவ்வளவுதான்."

சற்று நேரத்தில் நோலீனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அழுதவர்கள், கட்டிப்பிடித்தவர்கள், காப்பீடு இருக்கிறதா என்று கேட்டவர்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு நிவாரணப் பெண் படிவத்தோடு நெருங்கி, வீட்டில் மொத்தம் எத்தனை பேர், மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, இன்றைக்கு எங்கே தங்கப் போகிறீர்கள் என்று மெல்லிய குரலில் வரிசையாகக் கேட்டாள். நோலீன் ஒவ்வொரு கேள்விக்கும் வாயைத் திறந்து மூடினாள். வயல்கோடி நாய்க்கும் எட்டும் அந்தக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"மண்டபத்தப் பூட்டணும்," என்றாள். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

லாஸே கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். தாய்லாந்து எல்லையில், முதல் நாள், இப்படித்தான் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டாள். அப்பாவைச் சேர்த்துச் சொல்வதா விட்டுச் சொல்வதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

"அவங்க எங்க வீட்டுல தங்குறாங்க," என்றாள் லாஸே நிவாரணப் பெண்ணிடம். "முகவரி நான் எழுதித் தரேன். மத்ததெல்லாம் நாளைக்குக் கேளுங்க."

"வேண்டாம் லாஸே. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? பக்கத்து ஊர்ல வாடகை விடுதி ஏதாவது..." என்று நோலீன் ஆரம்பித்தாள். எந்த ஊர் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ஸேபா ரூமைக் காலி பண்ணுவா. வாங்க. மண்டபத்த ஏலா பாத்துக்குவா. இங்க நாப்பது பேரு தூங்கப் போறாங்க. பூட்டக் கூடாது."

நோலீன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி ஏலாவிடம் கொடுத்தாள். ஏலா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

காரில் முன்சீட்டில் ராஸ் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கியதும் ராஸும் மூலேரும் கொல்லைக் குழாயடிக்குப் போனார்கள். அங்கே மூலேர் அவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அவர் விரல்கள் மடங்கவில்லை.

முன்வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஸேபாவுடையவை, மூலேருடைய வேலைச் செருப்பு, தோட்டத்துச் செருப்பு. நோலீன் படியில் நின்றாள். அவள் காலில் பழுப்புத் தோல் ஷூ. காலையில் மண்டபத்துக்கு வரும்போது போட்டுக்கொண்டது.

"கழட்டணும் இல்ல?" என்றாள்.

"கழட்டுங்க."

நோலீன் குனிந்து ஒன்றைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றினாள். இரண்டையும் வரிசையில் வைக்கப் போனவள், வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காற்று குளிர்ந்திருந்தது. அவள் உள்ளே வரவும் இல்லை, ஷூவை வைக்கவும் இல்லை.

லாஸே அவளைப் பார்த்தாள். அந்த ஷூவைப் பார்த்தாள். முகாமில் முதல் வருஷம் முழுக்க அவள் அம்மா ரப்பர் செருப்பைத் தலைக்கடியில் வைத்துத்தான் தூங்கினாள்.

"கொடுங்க," என்றாள்.

வாங்கி, சட்டை நுனியால் சாம்பலைத் துடைத்து, அந்த வீட்டில் யாரும் எந்நாளும் செருப்பைக் கொண்டுபோகாத நடுக்கூடத்தைத் தாண்டி நடந்தாள். ஸேபாவின் அறையில், புதிதாக விரித்த கட்டிலின் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் அந்த ஷூ இரண்டையும் சேர்த்து வைத்தாள்.